பிழிய இயலாத பிளாஸ்டிக்

மாவு பதமாய்க் குழைந்தாலன்றி இடியப்ப உரலில் இழை இறங்காது என்பதைப் பொத்துவில் இல்லத்தரசியருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அந்தச் சமையலறை விளக்குக்கு மின்சாரம் கொணரும் செப்புக் கம்பியின் உறையும் அம்முறையிலேயே உருவாகின்றது. பிளாஸ்டிக்கைச் சூட்டால் இளக்கி, அச்சுத் துளையூடாகக் கம்பியின்மேற் பிழிவர். மின்னைக் கடத்தாது என்பதற்காகவே பிளாஸ்டிக் அங்கே உறையாயிற்று.

அவ்வினப் பொருளும் மின்னைக் கடத்தக் கூடும் என்பதை 1977இல் அலன் ஹீகர், அலன் மக்டயர்மிட், ஹிடெக்கி ஷிரக்காவா ஆகியோர் நிறுவினர். பாலிஅசெற்றிலீன் என்னும் வெள்ளிநிறப் படலத்தில் அயடீனை ஏற்றியதும் அதன் கடத்துதிறன் கோடி மடங்களவு ஓங்கிற்று. 2000ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அம்மூவருக்கும் கிட்டியது.

புகழ் கிட்டிய அளவுக்குப் பயன் கிட்டவில்லை. அப்பொருள் உருகாது, கரையாது, காற்றுப் பட்டாலே கெடும். சாதாரணப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி நூல்போல் வளைந்து நெளியும். கடத்தும் சங்கிலியிலோ ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. மின்னுக்கு வழிவிடும் அவ்வொழுங்கே சங்கிலியைத் தென்னை ஈர்க்குப்போல் விறைக்கச் செய்தது. ஈர்க்குக் கட்டை எந்த உரலிற் பிழிவது?

பல்பகுதியங்கள் எனப்படும் இச்சங்கிலிப் பொருள்களுள் பாலிஅனிலீன் பழையது. 1862இலேயே இலண்டனில் ஹென்றி லெதபி என்பார் அனிலீனை மின்பகுத்துக் கருநீலத் திண்மம் ஒன்றைப் பெற்றிருந்தார். அமிலம் ஏறினால் அது பச்சையாகி மின்னைக் கடத்தும். அமிலம் நீங்கினால் நீலமாகிக் கடத்தாது. நீல வடிவம் சில கரைப்பான்களிற் கரைந்தது. வேண்டியிருந்த பச்சை வடிவமோ கரைய மறுத்தது.

1992இல் கலிபோர்னியாவில் காவோ, ஸ்மித், ஹீகர் ஆகியோர் அமிலத்தையே மாற்றிப் பார்த்தனர். கற்பூரத்திலிருந்து பெறப்படும் சல்போனிக் அமிலம் ஒன்றும், சலவைத் தூளுக்கு மூலப்பொருளாகும் மற்றொன்றும் கைகொடுத்தன. அவற்றின் ஒரு முனை சங்கிலியைப் பற்றிக் கடத்துதிறன் தந்தது. எஞ்சிய பகுதி கரைப்பானோடு ஒத்துப்போயிற்று. பச்சைக் கரைசலை ஊற்றி உலர்த்தினாலே கடத்தும் படலம் கிடைத்தது. கற்பூரமும் சவர்க்காரமும் தீர்த்துவைத்த வழக்கு என்று இதனைச் சொல்லலாம்.

அதே ஆண்டு தமிழ்நாட்டின் காரைக்குடி மத்திய மின்இரசாயன ஆய்வு நிலையத்திலிருந்து வேறொரு வழி வெளியாயிற்று. முன்னரே உருப்பெற்ற கடத்தாப் பொருள்களின் பரப்பிற் பாலிஅனிலீனை ஒட்டி வளர்ப்பது அவ்வழி. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தாரோ 1980களின் இறுதியிலே தொடங்கிய முயற்சியால், நீரிற் பரவி நிற்கும் மற்றொரு கடத்தும் பல்பகுதியத்தை ஆக்கினர். ஒளிப்படச் சுருளில் நிலைமின் சேராதிருக்க அது பூசப்பட்டது.

செம்பின் இடத்தை இவற்றுள் எதுவும் கவரவில்லை. பொத்துவில் விளக்குக் கம்பியின் உறைக்குள் இன்றும் இருப்பது செம்பே.