57உம் 142உம்

பாடசாலைப் பெறுபேறு வரும் காலத்தில் "அங்கே 75 வீதம், இங்கே 70 வீதம்தான்" என்று ஊரில் கதை அடிபடும். இருபது பேர் எழுதிய வகுப்பில் 5 வீதம் என்பது ஒரே ஒரு பிள்ளை. இரண்டு வீதங்களை ஒப்பிடுவது எவ்வளவு கவனமான வேலை என்பதற்கு, கணித ஆசிரியர்களான நாங்கள் வகுப்பில் சொல்லும் ஒரு வரலாறு இருக்கிறது.

1952இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேருக்குப் போலியோ வந்தது. 1953இல் அது 35,000 அளவுக்குக் குறைந்தது, எந்த ஊசியும் இல்லாமலே! ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசியை அந்த வருடம் எல்லோருக்கும் போட்டிருந்தால், ஊசிதான் குறைத்தது என்று உலகமே நம்பியிருக்கும்.

அதனால் 1954இல் வேறு வழி எடுத்தார்கள். சம்மதித்த பெற்றோரின் பிள்ளைகளை எழுமாறாக இரண்டாகப் பிரித்தார்கள். 200,745 பேருக்கு உண்மையான ஊசி, 201,229 பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது போனது என்று பிள்ளைக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. முதல் குழுவில் 57 பேருக்கும் இரண்டாவதில் 142 பேருக்கும் போலியோ வந்தது.

இது தற்செயலாக இருக்குமா? ஊசியால் எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் சூனியக் கருதுகோள் என்கிறோம். குழுக்கள் ஏறத்தாழ சம அளவு என்பதால், நோயுற்ற 199 பேரும் நாணயம் சுண்டியதுபோல இரு பக்கமும் பிரிந்திருக்க வேண்டும். பக்கத்துக்கு நூறு அளவில். நியம விலகல் 7தான். 90 வந்தாலும் 110 வந்தாலும் ஆச்சரியமில்லை. வந்தது 57, நியம விலகலின் ஆறு மடங்கு தள்ளி. தற்செயலாக இப்படி நடக்க வாய்ப்பு கோடியில் ஒன்றைவிடக் குறைவு.

எங்களுக்கு இதைவிடச் சுவையானது மூன்றாவது கூட்டம். சம்மதம் கொடுக்காத பெற்றோரின் பிள்ளைகளில் இலட்சத்துக்கு 46 பேருக்கே நோய் வந்தது. வெறும் ஊசி போட்டவர்களில் 71. ஊசியே போடாதது பாதுகாப்பா? இல்லை. வசதியான குடும்பங்களே அதிகம் சம்மதித்தன. சுத்தமான வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கிருமி பிந்தித்தான் தொற்றும். அதற்குள் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி போய்விடும். ஊசி போட்டவர்களை மறுத்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால், ஊசியின் பயன் உண்மையைவிடக் குறைவாகவே தெரிந்திருக்கும். ஒரே மாதிரியான குழுக்கள் இல்லாவிட்டால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

வெறும் ஊசி போடுவதில் சால்க்குக்கே மன உளைச்சல் இருந்தது. நியாயம்தான். மருந்து கிடைத்திருந்தால் அந்த 142 பேரில் ஏறத்தாழ 85 பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். ஆனாலும் அந்த ஒப்பீடு இல்லாமல் இலட்சக்கணக்கான பெற்றோரை நம்பச் செய்திருக்க முடியாது என்பதே எங்கள் கருத்து. 1955 ஏப்ரல் 12ஆம் திகதி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தோமஸ் பிரான்சிஸ் முடிவை அறிவித்தார். அன்றைக்கே ஊசிக்கு அனுமதி கிடைத்தது.