ஊரான் மண்ணில் ஒரு தோட்டம்

வாடகை வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொல்லையில் நாலடி மண் இருக்கிறது. என்ன வைப்பீர்கள்? ஒரு ரோஜாத் தொட்டி, ஒரு துளசி, மிஞ்சிப்போனால் ஒரு முருங்கைக் கொம்பு. மாங்கன்று வைப்பீர்களா? மாட்டீர்கள். அது காய்ப்பதற்குள் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டால்?

மகோட்டோ ஹகிவாரா வைத்தார். ஒரு கன்று அல்ல, ஒரு முழுத் தோட்டம். தனக்கு ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லாத பூமியில், 'நீ எப்போது கிளம்புகிறாய்?' என்று அவரது இனத்தையே கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஊரில். போதாததற்கு, அந்தத் தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிப் பிள்ளை குட்டிகளோடு வாழவும் செய்தார். அமெரிக்காவின் மிகப் பழைய பொது ஜப்பானியத் தோட்டம் என்று இன்று கொண்டாடப்படுவது அதுதான். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

ஊர், சான் ஃபிரான்சிஸ்கோ. வருடம், 1894.

அதற்கு முந்தைய வருடம் சிகாகோவில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. நம் விவேகானந்தர் போய்ப் பேசினாரே, அதே சமயம். அந்த வெற்றியைப் பார்த்த சான் ஃபிரான்சிஸ்கோக்காரர்களுக்குக் கை துறுதுறுத்தது. கோல்டன் கேட் பூங்காவில் தங்கள் பங்குக்கு ஒரு கண்காட்சியைத் தொடங்கினார்கள். அதில் 'ஜப்பானிய கிராமம்' அமைக்கும் பொறுப்பு ஜார்ஜ் டர்னர் மார்ஷ் என்பவரிடம் வந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இளவயதில் ஜப்பானில் வாழ்ந்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜப்பானியக் கலைப்பொருள் கடை வைத்திருந்த ஆசாமி. குளம், டீக்கடை, கல் விளக்கு, வளைந்த மரப்பாலம் என்று பிரமாதமாகத்தான் செய்தார். அந்தப் பாலத்தைக் கட்டியவர் ஷின்ஷிச்சி நகடானி என்கிற ஜப்பானியத் தச்சர். அரைவட்டப் பாலம். கீழே தண்ணீரில் மீதி அரைவட்டம் தெரியும். ஏறுவதற்கு ஏணி மாதிரி இருக்கும். வேகமாக நடக்க முடியாது. முடியக்கூடாது என்பதுதான் அதன் உத்தேசமே.

எல்லாம் சரி, ரிக்‌ஷாவில்தான் வம்பு வந்தது. பார்வையாளர்களை உட்காரவைத்து ஜப்பானியர்கள் ரிக்‌ஷா இழுப்பார்கள் என்றார் மார்ஷ். மனிதர்களைக் குதிரை வேலை பார்க்கவைத்துக் காட்சிப்பொருள் ஆக்குவதா என்று உள்ளூர் ஜப்பானியர்கள் கொதித்துவிட்டார்கள். மார்ஷ் என்ன செய்தார் தெரியுமா? ஜெர்மானியர்களைப் பிடித்துவந்து, முகத்தில் சாயம் பூசி, ஜப்பானிய உடுப்பு மாட்டி இழுக்கவிட்டார்! ஜப்பான் வேண்டும், ஜப்பானியன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ரிக்‌ஷாவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்தில் கண்காட்சி முடிந்தது. இப்படிப்பட்ட அலங்காரங்களையெல்லாம் வழக்கமாக என்ன செய்வார்கள்? பொருட்காட்சி முடிந்த தீவுத்திடலை நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அங்கேதான் ஹகிவாரா வருகிறார். 1854ல் பிறந்து, 1870களின் இறுதியில் அமெரிக்காவுக்கு வந்தவர். பூங்காவின் மேலாளர் ஜான் மெக்லாரனோடு பேசினார். இந்தக் கிராமத்தை நான் நிரந்தரத் தோட்டமாக்கிப் பராமரிக்கிறேன், அங்கேயே இருந்து டீ விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன் என்பது ஏற்பாடு. கைகுலுக்கல்தான் பத்திரம்.

பி.காம். படிக்கும்போது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன சங்கதி, சொத்து யார் கணக்கில், செலவு யார் கணக்கில் என்று முதலில் பார். இங்கே பாருங்கள். நிலம் நகரத்துடையது. அதில் ஊன்றிய மரமும் நட்ட கல்லும் நகரத்துடையது. செலவோ பெரும்பகுதி ஹகிவாராவின் கையிலிருந்து. எந்த ஆடிட்டரும் தலையில் அடித்துக்கொள்வார்.

மனுஷன் அடித்துக்கொள்ளவில்லை. ஜப்பானிலிருந்து செடிகள் வந்தன. வண்ண மீன்கள் வந்தன. பறவைகள் வந்தன. ஆயிரம் செர்ரி மரங்கள் தருவித்தார் என்று சொல்வார்கள். ஒரு ஏக்கர் கிராமம் மெல்ல மெல்ல ஐந்து ஏக்கர் தோட்டமானது.

ஜப்பானியத் தோட்டத்தை 'அமைப்பது' என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நமக்குத் தோட்டம் என்றால் பூ, காய், கனி. அவர்களுக்கு முதலில் கல். பதினோராம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சகுதெய்கி' என்ற தோட்டக்கலை நூல், பக்கம் பக்கமாகக் கல்லைப் பற்றித்தான் பேசுகிறது. முதலில் ஒரு முக்கியமான கல்லை நடு, அது என்ன கேட்கிறதோ அதன்படி மற்ற கற்களை வை என்கிறது. மலையில் நின்றுகொண்டிருந்த கல்லைக் கொண்டுவந்து படுக்கப்போட்டால் வீட்டுக்கு ஆகாதாம். நம்மூர் மனையடி சாஸ்திரக்காரர்கள் தோற்றார்கள்! மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். கல் எப்படிக் கிடந்ததோ அப்படியே மண்ணில் பதிந்தால்தான் இயற்கையாகத் தெரியும் என்பதைச் சாபம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அமைப்பதாவது ஒரு வருடம், இரண்டு வருடம். பராமரிப்புதான் ஆயுசு பூரா. ஒரு பைன் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் மெழுகுவத்தி மாதிரி குருத்து கிளம்பும். அதை ஒவ்வொன்றாக விரலால் கிள்ள வேண்டும். எவ்வளவு கிள்ளுவது, எதை விடுவது என்பதில்தான் மரத்தின் உருவமே இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பழைய ஊசியிலைகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும், உள்ளே வெளிச்சம் போகிறமாதிரி. பாசியில் முளைக்கிற களையைக் குனிந்து கையால்தான் எடுக்க வேண்டும். பத்து வருஷம் கைபடாமல் விட்டால் பைன் வெறும் மரமாகிவிடும். தோட்டம் காடாகிவிடும். சுருக்கமாகச் சொன்னால் அங்கே நீங்கள் பார்ப்பது மரத்தை அல்ல. அதைத் தினமும் தொட்ட கையை.

அந்தக் கையைத்தான் 1900ஐ ஒட்டி வெளியே அனுப்பினார்கள். பூங்கா நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை. ஹகிவாரா என்ன செய்தார்? ஊரைவிட்டு ஓடவில்லை. பூங்காவுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், தன் சொந்த டீத் தோட்டத்தைப் போட்டியாகத் திறந்துவிட்டார்! 1907ல் பூங்காவிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. போனார். இம்முறை நன்றாகவே வேரூன்றினார். தோட்டத்துக்குள் 17 அறைகள் கொண்ட வீடு எழும்பியது. பேரப்பிள்ளைகள் பாலத்தில் ஏறி இறங்கி வளர்ந்தார்கள். டீயோடு ஒரு மொறுமொறு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஓர் ஆரூட வாசகம். ஆம், அமெரிக்கச் சீன ஓட்டல்களில் பில்லோடு வருகிற அந்த ஃபார்ச்சூன் குக்கீ. ஜப்பானில் பிறந்த பண்டம் அது. அமெரிக்காவில் முதலில் கொடுத்தது ஹகிவாராதான் என்று சான் ஃபிரான்சிஸ்கோவும், இல்லை எங்கள் ஊர்க்காரர் என்று லாஸ் ஏஞ்சல்ஸும் அடித்துக்கொண்டு, 1983ல் வேடிக்கையாக ஒரு மாதிரி நீதிமன்றமே வைத்து விசாரித்தார்கள். நடந்தது சான் ஃபிரான்சிஸ்கோவில். தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்று நான் சொல்ல வேண்டுமா?

தோட்ட வேலிக்கு வெளியே காற்று வேறு மாதிரி வீசிக்கொண்டிருந்தது. 1906ல் சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி நிர்வாகம் ஜப்பானியக் குழந்தைகளைத் தனிப் பள்ளிக்குப் போகச் சொன்னது. 1913ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அன்னியர்கள் விவசாய நிலம் வாங்கக்கூடாது. ஜப்பானியர் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஆனால் குறி அவர்கள்தான். குடியுரிமை வாங்கிவிட்டால்? ம்ஹூம். ஜப்பானியர்கள் வெள்ளையர் இல்லை, ஆகவே கிடையாது என்று 1922ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1924ல் குடியேற்றத்தின் கதவையும் சாத்தினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் தோட்டத்துக்கு வந்து, கிமோனோ அணிந்த பெண்கள் கொடுத்த டீயைக் குடித்து, அடடா என்ன அமைதி என்று சிலாகித்துவிட்டுப் போயின.

1925ல் ஹகிவாரா காலமானார். மகள் தகானோவும், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து மாமனாரின் குடும்பப் பெயரையே ஏற்ற கோரோவும் தோட்டத்தைக் கவனித்தார்கள். 1937ல் கோரோவும் போய்விட, தகானோ பிள்ளைகளோடு நடத்தினார்.

1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர்.

1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எண் 9066. மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஏக்கரை எப்படித் தூக்குவது? ஹகிவாரா குடும்பம் முதலில் டான்ஃபோரன் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போனது. அங்கே லாயங்களைத்தான் வீடாக்கி வைத்திருந்தார்கள். பிறகு யூட்டா மாநிலத்துப் பாலையில் டோபாஸ் முகாம்.

அவர்கள் போன பிறகு 17 அறை வீட்டை இடித்தார்கள். டீ பரிமாறச் சீனப் பெண்களை வைத்தார்கள். பெயரை 'ஓரியண்டல் டீ கார்டன்' என்று மாற்றினார்கள். ரிக்‌ஷா ஞாபகம் இருக்கிறதா?

டோபாஸ் மாதிரியே இன்னொரு முகாம் மன்ஸனார். கலிஃபோர்னியாவில், சியாரா நெவாடா மலைக்குக் கிழக்கே. அங்கே அடைபட்ட சுமார் 10,000 பேரில் பலர் லாஸ் ஏஞ்சல்ஸில் தோட்டக்காரர்களாகவும் நர்சரிக்காரர்களாகவும் இருந்தவர்கள். சுற்றிலும் முள்வேலி, காவல் கோபுரம். புழுதிக்காற்று அடித்தால் சாப்பாட்டுத் தட்டில் மண். ஒரே மாதிரி தகரக் கொட்டகை போல வரிசையாகத் தார்க்காகிதக் குடில்கள். சாப்பாட்டுக்கு நீண்ட க்யூ.

என்ன செய்தார்கள் தெரியுமா? க்யூ நிற்கிற இடத்தில் தோட்டம் போட்டார்கள்! காத்திருப்பவர்கள் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டாமா? 22ஆம் பிளாக்கில் ஹாரி உவேனோ என்ற சமையல்கூட ஊழியரும் நண்பர்களும் குளம் வெட்டினார்கள். 34ஆம் பிளாக்கில் இன்னொன்று. ரோஜா வளர்ப்பில் கெட்டிக்காரரான குயிச்சிரோ நிஷி ஒரு பெரிய பூங்காவையே வடிவமைத்தார். மலையடிவாரத்துப் பாறைகள், சிமெண்ட், ஓடைத் தண்ணீர். அவ்வளவுதான் மூலதனம். கல் என்ன கேட்டதோ அதை அங்கேயும் கொடுத்தார்கள்.

1945ல் முகாமை மூடினார்கள். தோட்டங்களை மணல் மூடியது. பல காலம் கழித்து அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் தொல்லியல்காரர்கள் தோண்டினார்கள். குளங்களும் கற்களும் வைத்த இடத்திலேயே இருந்தன.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். போர் முடிந்தது. தகானோவின் குடும்பம் தோட்டத்துக்குத் திரும்பி வாழ அனுமதிக்கப்படவில்லை. பழைய பெயரைத் திருப்பித் தரவே 1952 ஆனது. 1953ல் ஜப்பானியக் குழந்தைகள் காசு சேர்த்து அனுப்பிய, நாலு டன் எடையுள்ள சமாதான விளக்கு வந்து இறங்கியது. வேலியில் அடைக்கப்பட்ட மக்களிடம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது 1988ல்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. அந்தக் குடும்பத்திடம் குட்டை மரங்களின் சேகரம் ஒன்று இருந்தது. தொட்டியில் வளர்வது, தினம் தண்ணீர் கேட்பது. வெயில் காலத்தில் நாலு நாள் கவனிக்காவிட்டால் கதை முடிந்தது. 1942ல் புறப்படுமுன் அவற்றை சாமுவேல் நியூசம் என்ற தோட்ட வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஜப்பானியத் தோட்டக்கலையை ஆழ்ந்து படித்த அமெரிக்கர். பிற்பாடு அவர் அதில் ஒரு பகுதியை டாக்டர் ஹியூ ஃப்ரேசர், ஆட்ரி தம்பதிக்கு விற்றார். 1965ல் ஆட்ரி இறந்தபோது மரங்கள் எங்கே போக வேண்டும் என்று உயிலில் இருந்தது. பழைய தோட்டத்துக்கே!

நியூசமைத்தான் மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு சரிவை ஹகிவாரா குடும்பத்தின் நினைவாக அமைத்து அந்த மரங்களை அங்கே நட்டுக்கொடுத்தார். 1974ல் தோட்ட வாசலில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வெண்கலப் பட்டயம் பதித்தார்கள். செய்தவர் ரூத் அசாவா. சிறுமியாக முகாமில் அடைபட்டிருந்த சிற்பி. 1986ல் முன்னால் போகிற சாலைக்கும் பெயர் வந்தது, ஹகிவாரா டீ கார்டன் டிரைவ் என்று. வீடு மட்டும் திரும்ப வரவில்லை.