தலைவர் கிண்ணம்: போர் கண்ட நாடுகளின் கழகங்களுக்கு ஆசியா வைத்துக்கொடுத்த ஏணி

2014 செப்டெம்பரில் கொழும்பில் ஓர் ஆசிய இறுதிப்போட்டி நடந்தது. துருக்மெனிஸ்தானின் எச்.டி.டி.யூ. அஷ்கபாத் கழகம் வடகொரியாவின் ரிம்யோங்சு கழகத்தை 2-1 என்று வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது. எங்கள் பக்கத்தில் அந்தப் போட்டியைப் பற்றிப் பேசியவர்களை நான் அதிகம் காணவில்லை. அது ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் தலைவர் கிண்ணம். அந்த வருடத்தோடு அது நிறுத்தப்பட்டது.

2005 முதல் 2014 வரை பத்துத் தடவைகள் மட்டுமே நடந்த இந்தச் சுற்றுப்போட்டியின் கதையை வடக்கிலும் கிழக்கிலும் கழகம் நடத்துபவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இதில் ஆடிய நாடுகளில் பல, எங்களைப் போலவே போரிலிருந்து எழுந்து வந்தவை. சில மேலே ஏறிவிட்டன. சில நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஏறியவர்கள் எப்படி ஏறினார்கள் என்பதுதான் எனது கேள்வி.

மூன்று படிகள்

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு தனது அங்கத்துவ நாடுகளைத் தரம் பிரித்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் கட்டாரைச் சேர்ந்த முஹம்மத் பின் ஹம்மாம். ‘விஷன் ஏசியா’ என்ற திட்டத்தின் கீழ், உதைபந்தாட்டத்தில் முதிர்ந்த நாடுகளின் கழகங்களுக்கு சம்பியன்ஸ் லீக், வளர்ந்துவரும் நாடுகளுக்கு ஏ.எப்.சி. கிண்ணம், இப்போதுதான் தலைகாட்டும் நாடுகளுக்குத் தலைவர் கிண்ணம் என்று மூன்று படிகள் அமைக்கப்பட்டன.

மூன்றாவது படியின் நோக்கம் எளிமையானது. ஜப்பான், தென்கொரியா, சவூதி அரேபியக் கழகங்களோடு மோதவிட்டால் பூட்டான் கழகமோ நேபாளக் கழகமோ பத்துக் கோல்கள் வாங்கித் திரும்பும். அதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. தன் தரத்துக்கு அண்மையில் உள்ள அணியோடு மோதினால்தான் தோற்றவனுக்கும் ஏதாவது மிஞ்சும். ஆகவே அந்த நாடுகளின் லீக் சம்பியன்களை மட்டும் ஓரிடத்தில் கூட்டினார்கள். முதல் வருடங்களில் எட்டுக் கழகங்கள் ஒரே நகரத்தில் தங்கி, இரண்டு குழுக்களாக ஆடி, அரையிறுதி, இறுதி என்று சில நாட்களுக்குள் முடித்துக்கொண்டன. பின்னர் நாடுகள் கூடியபோது தகுதிகாண் சுற்றும் சேர்ந்தது. வீட்டிலும் வெளியிலுமாக மாறி மாறிப் பறப்பதற்குக் காசில்லாத கழகங்களுக்கு இந்த ஏற்பாடு பொருத்தமாக இருந்தது.

யார் வென்றார்கள்

2005இல் காத்மண்டுவில் நடந்த முதல் இறுதிப்போட்டியில் தஜிகிஸ்தானின் ரெகார்-தடாஸ், கிர்கிஸ்தானின் டோர்டோய்-டைனமோவை 3-0 என்று வென்றது. அந்தத் தோல்வியிலிருந்து டோர்டோய் எழுந்த விதம் கவனிக்கத்தக்கது. 2006இல் மலேசியாவின் குச்சிங் நகரிலும் 2007இல் பாகிஸ்தானின் லாகூரிலும் கிண்ணம் அவர்களுக்கே போனது. 2005 முதல் 2010 வரை ஆறு இறுதிப்போட்டிகளிலும் ஆடிய ஒரே கழகம் அதுதான். ஆனால் கடைசி மூன்றிலும் தோற்றது. 2008, 2009 இரண்டிலும் ரெகார்-தடாஸ் மீண்டும் வென்று மூன்று கிண்ணங்களோடு முன்னிலை பெற்றது. 2010இல் மியன்மாரின் யடனர்போன் 1-0 என்று வென்றது. மியன்மார் தேசிய லீக் 2009இல்தான் தொடங்கியிருந்தது.

2011இல் தாய்வானின் மின்சார நிறுவன அணியான தாய்பவர், கம்போடியாவின் புனோம்பென் கிரவுணை 3-2 என்று வென்றது. 2012இல் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல், 2013இல் துருக்மெனிஸ்தானின் பல்கான், 2014இல் அதே நாட்டின் எச்.டி.டி.யூ. பத்துக் கிண்ணங்களில் எட்டு மத்திய ஆசியாவின் மூன்று நாடுகளுக்குப் போயின. தெற்காசியக் கழகம் ஒன்றுகூட வெல்லவில்லை. நேபாளத்தின் மகேந்திர பொலிஸ் கழகம் 2007இலும், பாகிஸ்தானின் கே.ஆர்.எல். கழகம் 2013இலும் இறுதிப்போட்டிவரை வந்து தோற்றன.

கழகம் என்றால் பின்னால் யாரோ இருக்க வேண்டும்

இந்தக் கழகங்களின் பெயர்களை உடைத்துப் பார்த்தால் ஒரு விடயம் தெரியும். ‘தடாஸ்’ என்பது தஜிகிஸ்தானின் துர்சுன்சோதா நகரில் இருக்கும் அலுமினியத் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம். டோர்டோய் என்பது பிஷ்கெக் நகரின் பென்னம்பெரிய சந்தையின் பெயர். எச்.டி.டி.யூ. ஒரு பல்கலைக்கழகம். கே.ஆர்.எல். பாகிஸ்தானின் அணு ஆராய்ச்சிக்கூடம். ஒன்றில் தொழிற்சாலை, இல்லாவிட்டால் சந்தை, பொலிஸ், பல்கலைக்கழகம். டிக்கெற் விற்றோ தொலைக்காட்சி உரிமை விற்றோ வாழ முடியாத நாடுகளில், மாதச் சம்பளமும் மைதானமும் தரக்கூடிய ஒரு நிறுவனத்தின் தோளில்தான் கழகம் நிற்கிறது.

இலங்கையிலும் அப்படித்தான். 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் ஆடிய பத்துக் கழகங்களில் மூன்று முப்படைகளுக்கு உரியவை. டிபென்டர்ஸ் இராணுவத்தினுடையது, சீ ஹோக்ஸ் கடற்படையினுடையது, புளூ ஈகிள்ஸ் விமானப்படையினுடையது. படையில் சேர்ந்தால் சம்பளம், உணவு, பயிற்சி, மைதானம் எல்லாம் கிடைக்கும். அந்தப் பத்தில் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமும் இல்லை. எங்கள் பொடியன் ஒருவன் பந்தை நம்பி வாழ நினைத்தால் அவனுக்கு முன்னாலிருக்கும் வழிகள் எவை என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அகதி முகாமிலிருந்து இறுதிப்போட்டிக்கு

பத்து இறுதிப்போட்டிகளில் என் மனதில் நிற்பது 2012இல் துஷான்பேயில் நடந்தது. இஸ்திக்லோலுக்கு எதிராக ஆடிய அணி மர்க்கஸ் ஷபாப் அல்-அமரி. ‘மர்க்கஸ் ஷபாப்’ என்றால் இளைஞர் நிலையம். அல்-அமரி என்பது ரமல்லாவை ஒட்டியுள்ள ஒரு பலஸ்தீன அகதி முகாம். 1948இல் லித், ரம்லா, யாபா பக்கங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்காக 1949இல் அமைக்கப்பட்டது. ஒரு சதுர கிலோமீற்றரிலும் மிகக் குறைந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக மக்கள் நெருக்கியடித்து வாழும் இடம். அந்த முகாமின் இளைஞர் நிலையம் தன் நாட்டின் சம்பியனாகி, ஆசியக் கிண்ணம் ஒன்றின் இறுதிப்போட்டிவரை போய் 1-2 என்றுதான் தோற்றது.

நலன்புரி முகாம்களில் இருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். கூடாரங்களுக்கு இடையில் கிடைத்த துண்டு நிலத்தில் பந்தடித்த பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். எங்களிடமும் அது இருந்தது. வேறுபாடு, அல்-அமரியில் அந்த விளையாட்டுக்கு ஒரு பெயரும், ஒரு நிர்வாகமும், வருடாவருடம் ஆட ஒரு லீக்கும் இருந்தன என்பதே. பலஸ்தீன உதைபந்தாட்டச் சங்கம் 1998இல் பீபாவின் அங்கத்துவம் பெற்றது. தேசிய அணி தன் மண்ணில் முதற்போட்டியை 2008இல்தான் ஆட முடிந்தது. சோதனைச்சாவடிகளுக்கு நடுவிலும் லீக்கை நடத்தினார்கள். 2014இல் பிலிப்பைன்ஸை 1-0 என்று வென்று 2015 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள்.

தஜிகிஸ்தானும் 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரில் எரிந்த நாடு. கம்போடியாவின் கதையை எல்லோரும் அறிவார்கள். நேபாளத்தின் மகேந்திர பொலிஸ் கழகம் லாகூரில் இறுதிப்போட்டி ஆடியபோது அங்கு சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஒரே இடத்தில் நின்ற இருவர்

இலங்கையின் நிலையை அளக்க ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. தலைவர் கிண்ணம் கழகங்களுக்கானது என்றால், அதே தரத்து நாடுகளின் தேசிய அணிகளுக்கு ஏ.எப்.சி. சலஞ்ச் கிண்ணம் இருந்தது. 2006இல் டாக்காவில் நடந்த அதன் முதல் இறுதிப்போட்டியில் மோதியவை தஜிகிஸ்தானும் இலங்கையும். தஜிகிஸ்தான் 4-0 என்று வென்றது. ஆனாலும் அன்று இருவரும் ஒரே படியில்தான் நின்றார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது? தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் 2015இலும் 2017இலும் ஏ.எப்.சி. கிண்ண இறுதிப்போட்டி ஆடியது. 2021இல் ஆசிய சம்பியன்ஸ் லீக்கில் சவூதியின் அல்-ஹிலாலை 4-1 என்று வென்றது. 2024இன் தொடக்கத்தில் கட்டாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில், முதற்தடவையாகப் பங்குபற்றிய தஜிகிஸ்தான் காலிறுதிவரை சென்றது.

இலங்கையோ உலகத் தரவரிசையில் 200க்கும் கீழே இறங்கியது. சங்க நிர்வாகத்தில் வெளியார் தலையீடு காரணமாக 2023 ஜனவரியில் பீபா தடை விதித்து, ஓகஸ்டில்தான் நீக்கியது. தலைவர் கிண்ணத்தின் முதல் வருடத்திலேயே ஆடிய களுத்துறை புளூ ஸ்டார் கழகம், 2022இல் ஏ.எப்.சி. கிண்ணத் தகுதிகாண் போட்டியில் கொல்கத்தாவின் மோகன் பகானிடம் 0-5 என்று தோற்றது. பதினேழு வருடங்களில் படி ஏறவில்லை.

ஏணி மீண்டும் வந்திருக்கிறது

2015 முதல் இந்த நாடுகளின் கழகங்கள் ஏ.எப்.சி. கிண்ணத்துக்குள் உள்வாங்கப்பட்டன. தஜிகிஸ்தான் போன்ற பலமானவர்களுக்கு அது நன்மை. பலவீனமானவர்கள் தகுதிகாண் சுற்றிலேயே வெளியேறினார்கள். பின்னர் 2024-25 பருவத்தில் கூட்டமைப்பு மீண்டும் மூன்று படிகளை வைத்தது. மூன்றாவது படியின் பெயர் இப்போது ஏ.எப்.சி. சலஞ்ச் லீக். அதன் முதல் இறுதிப்போட்டியில் துருக்மெனிஸ்தானின் அர்க்கடாக், கம்போடியாவின் ஸ்வாய் ரியெங்கை 2-1 என்று வென்றது.

அந்தப் படியில் ஏறுவதற்குத் திறமை மட்டும் போதாது. ஆசியப் போட்டிகளில் ஆடும் கழகத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு ஐந்து விடயங்களைப் பார்ப்பார்கள். முதலாவது விளையாட்டு: கழகத்துக்கு இளையோர் அணிகள் இருக்க வேண்டும். இரண்டாவது மைதானமும் பயிற்சி வசதியும். மூன்றாவது ஆளணி: தகுதிச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர், மருத்துவ உதவியாளர், நிர்வாகப் பொறுப்பாளர். நான்காவது சட்டம்: கழகம் யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டும் பதிவு. ஐந்தாவது நிதி: கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கறிக்கை.

இந்த ஐந்தில் பந்து சம்பந்தப்பட்டவை பாதிதான். மிச்சம் கடதாசியும் ஒழுங்கும். எங்கள் கழகங்கள் கடற்கரைக் கிராமங்களிலும் கோயிலடிகளிலும் சனசமூக நிலையங்களிலும் பிறந்தவை. சண்டைக் காலத்தில்கூடப் பல அழியாமல் நின்றதற்கு அந்த ஊர்ப்பற்றே காரணம். இளவாலை, குருநகர், நாவாந்துறை, மன்னார் என்று சொன்னால் உதைபந்தாட்டம் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். இடம்பெயர்ந்து மீண்ட தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் சம்பியன்களானார்கள். ஆட்டம் எங்களிடம் உண்டு.

இல்லாதது ஊரைத் தாண்டிய ஒரு கட்டமைப்பு. புலம்பெயர்ந்த உறவுகளின் பணம் பெரும்பாலும் ஒருநாள் சுற்றுப்போட்டிக்கும் பரிசுத்தொகைக்கும் வெற்றிக்கிண்ணத்துக்கும் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, இரண்டு பயிற்றுநர்களைச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்பவும், பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியொன்றை வருடம் முழுக்க நடத்தவும், கணக்கை எழுதி வைக்கவும் போனால் ஐந்து வருடத்தில் வித்தியாசம் தெரியும். அயலூர்க் கழகங்கள் சில சேர்ந்து ஒரு பெயரில் பதிவுசெய்தால் செலவும் பங்கிடப்படும். தங்களுக்குப் பின்னால் அலுமினியத் தொழிற்சாலை இல்லாதவர்களுக்கு ஊர்கள் சேர்வதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அல்-அமரி இளைஞர் நிலையத்துக்கும் தொழிற்சாலை இருக்கவில்லை.