தாய்வழிக் குடியும் மாறும் நீதியும்

நீதி என்பது இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறுவதா, அன்றி என்றும் ஒரே நிலையில் நிற்பதா என்னும் வினா மிகப் பழையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் இது பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். இறந்த தந்தையரின் உடலை எரிக்கும் கிரேக்கரைப் பாரசீகப் பேரரசன் தாரியஸ் அழைத்து, எவ்வளவு பொருள் தந்தால் அவ்வுடலை உண்பீர்கள் என்று கேட்டான். எதைத் தந்தாலும் உண்ணோம் என்றனர் அவர்கள். பின்னர், பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடைய கலாத்தியர் என்னும் இந்தியக் கூட்டத்தாரை அழைத்து, எவ்வளவு தந்தால் அவ்வுடலை எரிப்பீர்கள் என்று கேட்டான். அச்சொல்லைக் கேட்கவும் பொறாது அவர்கள் அலறினர். எம்மக்களும் தத்தம் வழக்கத்தையே சிறந்ததெனக் கொள்வர் என்பது ஹெரொடோட்டஸ் இதிலிருந்து கண்ட முடிவாகும்.

இம்முடிவை ஒரு சாரார் மேலும் நீட்டுவர். வழக்கங்கள் வேறுபடுவதால் அவற்றுள் நல்லது தீயது என்று பகுத்துக் கூற எவருக்கும் தகுதியில்லை என்பது அவர்தம் வாதம். மற்றொரு சாரார், முன்னோர் வைத்தவை யாவும் நன்று, புதியவை யாவும் கேடு என்பர். இவ்விரு கூற்றுகளுக்கும் உரைகல்லாக, மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களின் தாய்வழி உரிமை வரலாற்றைக் கொள்ளலாம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்லும் வீதியில், ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்ததும் வந்தாறுமூலை என்னும் ஊர் உள்ளது. வயலும் வாவியும் வாழ்வளிக்கும் இவ்வூரும், இதனை ஒத்த பிற ஊர்களும் அடங்கிய மட்டக்களப்புத் தேசத்திலே, குடி என்னும் அமைப்பு நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஒருவர் எக்குடியினர் என்பதைத் தந்தையின் குடி தீர்மானிப்பதில்லை. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடியினர் தம்முள் மணஞ்செய்தலாகாது என்பது விதி. கோவில் நிருவாகத்தில் வண்ணக்கர் பதவியும், திருவிழா உரிமைகளும் குடிவழியே வந்தன. 1962ஆம் ஆண்டில் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து வெளியிட்ட மட்டக்களப்பு மான்மியம் இக்குடிமுறை பற்றிய பழஞ்செய்திகளைத் தருகின்றது. இவ்வமைப்பு தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. கீழ்க்கரை முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உண்டு. மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழும் வழக்கமும் உண்டு. சமயம் வேறாயினும் அயலவர் இருவரும் இல்லறத்தின் அமைப்பில் ஒன்றுபட்டனர்.

குடிமுறையின் பொருளாதார உருவமே முக்குவர் சட்டம் எனப் பெயர்பெற்றது. ஒருவனுடைய பரம்பரைச் சொத்தாகிய முதுசொம் அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, அவன் சகோதரியின் மக்களைச் சேர்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அவன் தன் உழைப்பால் ஈட்டிய தேட்டத்தின் நிலை வேறு. அது தன் பிள்ளைகளுக்குச் செல்லத் தடையில்லை. மலையாள நாட்டு மருமக்கத்தாயத்தை இது நினைவூட்டும். பெற்ற மகனை விடுத்து மருமகனுக்குச் சொத்துச் செல்வது பிறருக்கு அநீதியாகத் தோன்றலாம். ஆயினும், மகனுக்கு அவன் தாய்வழி முதுசொம் உண்டு என்பதை எண்ணும்போது, எவரும் வெறுங்கையராய் விடப்படவில்லை என்பது விளங்கும்.

இச்சட்டத்தின் விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக்கி வெளியிட்டார். விதியின் விளையாட்டுப் போலும், அதே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முக்குவர் சட்டத்தின் ஆட்சியை முடித்து வைத்தது. கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோருக்கு அச்சட்டம் விலக்களித்தது. மட்டக்களப்புத் தமிழருக்கு விலக்கில்லை. புதிய சட்டப்படி, மரண சாசனம் எழுதாது இறந்தவரின் சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கும், மறுபாதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. நூறாண்டு கழித்து, 1976ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தினால் கேரளத்தில் மருமக்கத்தாயமும் முடிவெய்தியது.

மகனும் மகளும் சமபங்கு பெறுதல் நீதியே. ஆனால் அதே சட்டம், மணமான பெண் தன் பெயரிலுள்ள நிலத்தை விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. இத்தடை 1923ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே நீங்கிற்று. தாய்வழி உரிமையை ஒழித்த சட்டம் முன்னேற்றத்தின் பெயரால் வந்தது. எனினும் மனைவியைக் கணவனின் கையெழுத்துக்குக் காத்திருக்கவும் செய்தது. புதியது என்பதனாலேயே ஒன்று முற்றிலும் நன்றாகிவிடாது என்பதற்கு இது சான்று.

பழையது என்பதனாலே நன்றாகிவிடாது என்பதற்குச் சான்று வடக்கே உண்டு. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரு முதலிமார் பார்வையிட்ட பின்னர், 1707ஆம் ஆண்டில் அத்தொகுப்புத் தேசவழமைச் சட்டமாயிற்று. சீதனம், முதுசொம், தேடிய தேட்டம் என்பவற்றை வகுத்த அந்நூலே அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருத்தல் அன்று ஊரறிந்த வழக்கம். சட்டம் ஏற்ற முறைமை. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வழக்கங்களுள் உயர்வு தாழ்வு இல்லை என்போர், 1844க்கு முன்னும் பின்னும் இருந்த நிலைகள் இரண்டும் ஒன்றே என்று கூறத் துணிவரோ? அடிமையாயிருந்தவரிடம் கேட்டிருந்தால், விடை ஐயமின்றிக் கிடைத்திருக்கும். வழக்கம் நன்றென உரைத்தவர் அதனால் பயன் பெற்றோர். அதன் பாரத்தைச் சுமந்தோரை எவரும் கேட்டிலர்.

வழக்கத்தை அளக்க ஒரு கோல் உண்டு என்பதைத் தமிழ் மரபும் அறியும். உலகில் பொய்யும் பிழையும் தோன்றிய பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கற்பியலில் கூறுகின்றார். சடங்கு முதலில் வந்து நீதி பின்னர் வரவில்லை. ஏமாற்றப்பட்டோருக்குக் காப்பு வேண்டியிருந்தது, அதன்பொருட்டுச் சடங்கு பிறந்தது. ஆகவே, ஒரு வழக்கம் யாரைக் காப்பதற்கு எழுந்ததோ அவரை இன்னும் காக்கின்றதா என்று வினவுதல் மரபுக்கு மாறானதன்று.

முக்குவர் சட்டம் மறைந்த பின்னும் மட்டக்களப்பார் அதன் உட்பொருளைக் கைவிட்டாரிலர். வீடும் வளவும், இயன்றவிடத்து வயலும், திருமணத்தின்போது மகளுக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டன. மூத்த மகளுக்கு வீட்டை அளித்துவிட்டுப் பெற்றோர் அருகே சிறு வீடு கட்டிக் குடிபெயர்தலும் உண்டு. இம்முறையில் பெண்ணுக்குக் கூரை உறுதியாயிற்று. ஆனால் பாரமும் பிறந்தது. பெண்மக்கள் பலரைப் பெற்ற வீட்டில், தமக்கை தங்கையருக்கு வீடு அமைக்கும்வரை சகோதரர் தம் மணத்தைத் தள்ளி வைத்து உழைக்கின்றனர். தாய்வழிச் சொத்துரிமை உள்ள இடத்திலும் ஆணாதிக்கம் நீங்கிவிடவில்லை என்பதைக் கஞ்சனா ருவன்புர 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூல் எடுத்துக் காட்டுகின்றது. உறுதியில் பெயர் பெண்ணுடையதாயினும், அதனை ஆளும் கை மாமனுடையதாகவோ கணவனுடையதாகவோ இருத்தல் கூடும்.

அரசு வழங்கிய காணிகளோ வேறொரு நீதியைக் கொண்டுவந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரித்தாளரைக் குறிக்காது இறப்பின், வாழ்க்கைத் துணைக்குப் பின்னர் மகளுக்கு முன்பாக மகனுக்கே உரிமை. 1949ஆம் ஆண்டில் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது அப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. தாய்வழி வந்த வளவு மகளைச் சேர, அரசாங்கம் அளித்த வயல் மூத்த மகனைச் சேர்வதாயிற்று. ஒரே குடும்பத்தில் இரு நீதிகள் குடிபுகுந்தன. ஆண்களை முற்படுத்திய அவ்வட்டவணை 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாலேயே மாறிற்று.

இதனிடையே கல்வி புதியதொரு முதுசொம்மாக வளர்ந்தது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்தார் மாத்திரம் பெற்ற கல்வியை மத்திய பாடசாலைகள் கிராமங்களுக்குக் கொணர்ந்தன. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்திலே 1981ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. அதுவே 1986ஆம் ஆண்டில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. சீதனப் பொருளாகக் கருதப்பட்ட பெண், பட்டமும் பதவியும் பெற்றுத் தானே பொருளீட்டும் நிலை எய்தினாள்.

அவ்வளாகமே பெருந்துயரின் இடமுமாயிற்று. 1990ஆம் ஆண்டுப் போரின்போது சுற்றூர் மக்கள் அங்கே தஞ்சம் புகுந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி அவர்களுள் 158 பேர் படையினரால் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் மீண்டிலர். அரசு நியமித்த ஆணைக்குழு இதனை விசாரித்துப் பதிவு செய்தது. காலத்தின் நியாயம், இடத்தின் வழக்கம் என்னும் சொற்கள் இத்தகைய செயலின்முன் பொருளிழந்து போகின்றன. நம்பி வந்து தஞ்சம் புகுந்தவரைக் கொண்டுபோய் மறைப்பதை அறமென ஏற்ற குடியோ சமயமோ இந்நாட்டில் இல்லை.

இழப்புக்குப் பின் குடும்பப் பாரம் பெண்களின் தோளில் விழுந்தது. தாய் தந்த வீடு தம் பெயரில் இருந்தோருக்கு அது கடைசிப் புகலிடமாயிற்று. எனினும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கீழ்க்கரையிற் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்பவர் ஆணே என்று கொள்ளும் நிருவாக நடைமுறை, சீதன வீட்டை இழந்த பெண்ணின் உரிமையைப் பலவிடத்தும் மறந்தது. எழுதுவோர் அறியாத வழக்கம் படிவத்தில் இடம் பெறுவதில்லை.

இவ்வரலாறு காட்டுவது இது: மட்டக்களப்பில் நீதி மாறியது, மாறியவற்றுள் சில நன்மையாயின, சில இழப்பாயின. மகளுக்குச் சமபங்கு வந்ததும், அடிமைமுறை ஒழிந்ததும், கல்வி பொதுவானதும் நன்மை. பெண்ணுக்கிருந்த கூரையைப் படிவம் ஒன்று பறித்தது இழப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிய முடிகின்றது என்பதே, எல்லா வழக்கமும் சமம் என்னும் வாதத்துக்குப் போதிய மறுமொழி. இனிவரும் மாற்றங்களை எடைபோடும் தலைமுறையினரும், வழக்கத்தின் வயதையும் பெருமையையும் ஒருபுறம் வைத்து, அதன் பாரத்தைச் சுமப்பவர் யார் என்று முதலில் வினவுவாராயின், முன்னோர் வைத்த முதுசொம்முள் பேணத்தக்கது எது, விடத்தக்கது எது என்பது அவர்க்கும் புலனாகும்.