தேக்காவுக்குப் பிள்ளைகள் வந்த சரித்திரம்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவைப் பற்றிச் சரித்திரம் எழுதப் புகுவோர் மாடுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். ரோச்சோர் ஆற்றங்கரையின் புல்லும் நீரும் கால்நடை வளர்ப்புக்கு ஏற்றனவாக இருந்தமையும், கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் மாட்டு வியாபாரத்தில் செழித்துத் தம் பெயரை ஒரு சாலைக்கே விட்டுச் சென்றமையும், 1933 வரையில் அவ்வட்டாரத்தில் குதிரைப் பந்தயம் நடந்தமையும் கூறிவிட்டு, அவர்கள் கோயில்களுக்கும் கடைகளுக்கும் சென்றுவிடுவர். அவை யாவும் மெய்யே. ஆயினும் பிழைக்க வந்தவர் தங்கிப்போகும் இடமாக இருந்த தேக்கா என்னும் அவ்வட்டாரம், அவர்கள் குடும்பத்தோடு வாழும் ஊராக மாறியது எப்போது என்று கேட்டால், மாடுகளைக்கொண்டு விடை காண முடியாது. பிள்ளைகளைக்கொண்டே காண வேண்டும்.

அப்பிள்ளைகள் நெடுங்காலம் வரவில்லை. 1931-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்போது சிங்கப்பூர் இந்தியரிடையே ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்கள் இருந்தனர். கடைவீட்டு மாடிகளிலும் கூலி லைன்களிலும் பாய் விரித்துப் படுத்த அந்த ஆடவரில் பலர், ஊரில் பிறந்த தம் குழந்தையின் முகத்தைக் காணாமலே அதற்குப் பெயர்சூட்டு விழாவுக்கும் காதுகுத்துக்கும் பணம் அனுப்பியவர்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகுதான், நாகப்பட்டினத்தில் ரஜூலா முதலிய கப்பல்களில் ஏறிய மனைவியரும் மக்களும் மிகுதியாக வந்து சேர, இங்கேயே பிறந்த மழலைகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டன. சிராங்கூன் சாலையில் மளிகைச் சரக்கோடு பிள்ளை பெற்றவளுக்குரிய லேகியமும், குழந்தைக்கு வசம்பும் கறுப்பு வளையலும் கேட்டு வாங்கும் குரல்கள் பெருகியது அக்காலத்தில்தான்.

பிள்ளைகள் பிறந்த இடமும் அருகிலேயே இருந்தது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, 1924 அக்டோபரில், தாய்மாருக்கு 30 படுக்கைகளும் குழந்தைகளுக்கு 12 படுக்கைகளும் கொண்ட பிரசவ வைத்தியசாலையாக அமைந்தது. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ், மகப்பேற்று மருத்துவராக உழைத்துப் பெயர் பெற்றது இங்கேதான். நம்மவர் அதன் நீண்ட பெயரைச் சுருக்கிக் ‘கேகே’ என்றே வழங்கினர். 1966-ஆம் ஆண்டில் மட்டும் அவ்வொரு மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு 109 குழந்தைகள். அதாவது இரவும் பகலும் ஓயாமல், பதின்மூன்று நிமிஷத்துக்கு ஒரு புது அழுகுரல். ஒரே பிரசவ மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளில் உலகத்திலேயே அதிகமானது இதுவென்று கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றது. கட்டிலுக்கு இடம் போதாத அக்காலத்தில், பிரசவம் சிரமமின்றி முடிந்த தாய்மாரை விரைவிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருத்துவத் தாதியர் பின்னாலேயே வீடுதேடிச் சென்று தாயையும் சேயையும் பார்த்துவந்தனர். 1950-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 80-க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்த நாட்டில், 1965-இல் அவ்வெண்ணிக்கை 26 அளவுக்கு இறங்கியதற்கு, படியேறி வந்து குழந்தையின் தொப்புளைப் பார்த்துப்போன அப்பெண்களின் உழைப்பும் ஒரு காரணமென்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவ்வாறு தாய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாளில் வீட்டில் நடந்தவற்றை எந்த ஆவணமும் எழுதிவைக்கவில்லை. அதற்கு முன்பே நான்கைந்து பிள்ளைகள் பிறந்துவிட்ட வீடு அது. அம்மா இல்லாத இரண்டு நாளும் அடுத்த அறைச் சீனப் பாட்டி கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் வாசலுக்கு ஓடிவரும். துணிச்சுருளை விலக்கிப் பார்க்கும். ‘இது நம்ம வீட்டிலேயே இருக்கப்போவுதாம்மா?’ என்று அதுவரை கடைக்குட்டியாக இருந்தவன் கேட்பான். அவனுடைய சந்தேகம் தீர்வதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். பால் ஊறவேண்டுமென்று தாய்க்குச் செய்த சுறாப்புட்டில் அவளுக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவே; தட்டைச் சுற்றி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிடி கொடுக்காமல் எந்தத் தாய்க்குத்தான் தொண்டையில் இறங்கும்?

பழைய சேலையில் உத்தரத்திலிருந்து தூளி தொங்கும். பிற்காலத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, உத்தரம் இல்லாத அக்கூடங்களில் இரும்புக் கொக்கியும் சுருள்கம்பியும் உத்தரத்தின் வேலையைச் செய்தன. தூளியை ஆட்டுவது மூத்த பெண்ணின் உத்தியோகம். கயிற்றின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, மடியில் பாடப்புத்தகத்தை விரித்து, ஏழாம் வாய்பாட்டையே தாலாட்டாகப் பாடித் தம்பியைத் தூங்கவைத்த சிறுமியர் அநேகர். குழந்தை தூங்கியபின் கால் தானாக ஆடிக்கொண்டேயிருக்க, அவளும் அப்படியே கண்ணயர்ந்துவிடுவதுண்டு. அப்பெண்களுக்குத் தனியாக ஒரு குழந்தைப் பருவம் வாய்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களில் சிலருக்குப் பள்ளிக்கூடமும் பாதியில் நின்றது. பெரிய குடும்பத்தின் இன்பங்களை வியந்து பேசும்போது அதற்கு விலை கொடுத்த அக்காமாரை மறப்பது நியாயமன்று.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஒரு திருவிழா. ஒருவன் முடிந்து ஒருவனைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, குளிக்காதவன் குளித்தவன் வரிசையில் போய் நிற்பதும், தலையை முகர்ந்துபார்த்து அவனை இழுத்து வருவதும் வாரந்தோறும் நடக்கும். விளக்கெண்ணெய் கொடுக்கும் நாளில் இதற்கு நேர்மாறாக, ஏற்கெனவே குடித்தவனே மறுபடியும் அகப்பட்டு, ‘நான் குடிச்சிட்டேன்’ என்று கதறக் கதற இரண்டாம் முறையும் குடிப்பான். கோபத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்த தாய் மற்ற எல்லாப் பெயர்களையும் முறையே சொல்லிக் கடைசியில் உரிய பெயருக்கு வந்துசேருமுன், குற்றவாளி படியிறங்கி ஃபேரர் பார்க் திடலை அடைந்திருப்பான். இரவில் பாய்வரிசையைத் தலையெண்ணிப் பார்க்கும்போது ஒன்று அதிகமாக இருப்பதும் உண்டு. போர்வையை விலக்கினால் அது அடுத்த வீட்டு மலாய்ப் பிள்ளையாக இருக்கும். எழுப்ப மனமில்லாமல் அவனையும் சேர்த்துப் போர்த்திவிட்டு, அவன் வீட்டாருக்குச் சுவரைத் தட்டிச் சொல்லிவிடுவார்கள்.

இப்பிள்ளைகள் உழைக்கவும் செய்தார்கள். திரையரங்குகளின் வாசலிலும் பள்ளி வாசலிலும் தலைத்தட்டில் கடலையும் பயறும் முறுக்கும் சுமந்து விற்ற கச்சாங் பூத்தேக்காரர்களில் பெரும்பாலோர் தமிழர். விடியுமுன்னே தாய் கடலை வறுக்க, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பழைய காகிதங்களைக் கூம்புப் பொட்டலங்களாகச் சுருட்டுவார்கள். சுருட்டிய எண்ணிக்கையில் சண்டை வரும். கிழித்த காகிதத்தில் படமோ கதையோ இருந்துவிட்டால் வேலை அதோடு நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் பலருக்கு அந்தப் பொட்டலக் காகிதத்திலேயே ஏற்பட்டது. நோரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய தமிழ்ப் பள்ளியும், 1950-களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் சிறுவர்களுக்கென்றே ஏற்படுத்திய மாணவர் மணிமன்றமும் அப்பழக்கத்தை வளர்த்தன. தன் பெயர் அச்சில் வந்த நாளில் பத்திரிகையைத் தெருவெல்லாம் காட்டிவந்த சிறுவர்களில் பலர் பிற்காலத்தில் இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் ஆனார்கள்.

பிறகு காலம் மாறிற்று. கேகே உலகச் சாதனை படைத்த அதே 1966-இல் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென ஒரு கழகத்தை நிறுவிற்று. 1972 முதல் இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளும்படி தீவிரப் பிரசாரம் நடந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏறப் பிரசவக் கட்டணமும் ஏறும்படி விதிக்கப்பட்டது. வேலையும் வீடும் பள்ளியும் போதாத ஒரு சிறு தீவின் அச்சம் அடிப்படையற்றதன்று. ஆயினும் வழிகளில் சில கடுமையாக இருந்தன என்பதே என் கருத்து. மூன்றாவதாகக் கருவுற்ற ஒரு தாய், யாரோ கணக்குக் கேட்பதுபோலக் கூசிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது நல்ல காட்சியன்று. 1987-இல் கொள்கை திரும்பி, வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்று அழைப்பு வந்தது. 2001 முதல் குழந்தை பிறந்தால் அரசே பணமும் தருகிறது. ஆனால் பழக்கம் மாறிவிட்டது. 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை என்ற அளவுக்குச் சிங்கப்பூரின் மகப்பேற்று விகிதம் இறங்கியிருக்கிறது. கேகே மருத்துவமனையும் 1997-இல் புக்கிட் தீமா சாலையில் எழுந்த புதுக் கட்டடத்துக்கு மாறியது. ஹாம்ப்ஷயர் சாலையில் உள்ள பழைய இடத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம் இயங்குகிறது.

கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் நம் முன்னோர் அணிந்த நகைகளையும் வைத்திருந்த பத்திரங்களையும் பார்க்கலாம். விளக்கெண்ணெய் வரிசையையும் பாய்வரிசையையும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும். 1966-இல் இருபது வயதில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இப்போது எண்பது வயதை ஒட்டி ஆகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், எத்தனை பிள்ளை பெற்றாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எப்படி வளர்த்தாய் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் மூத்த பெரியம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பாதி விஷயம் அவரிடமிருந்துதான் கிடைக்கும்.