யானை லத்தியும் உடைமையாளர் பணமும்: ‘சென்சேஷன்’ வழக்கு தொடாத கேள்வி

கிறிஸ் ஓஃபிலி 1996இல் தீட்டிய ‘புனித கன்னி மரியாள்’ ஏறத்தாழ எட்டடி உயரமும் ஆறடி அகலமும் கொண்ட ஓவியம். பொன்மஞ்சள் பின்னணியில் நீல அங்கி அணிந்த கறுப்பு மாதா நேர்ப்பார்வையில் நிற்கிறாள். தூரத்தில் பட்டாம்பூச்சிகளாகத் தெரிபவை கிட்டே போனால் ஆபாசப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து ஒட்டிய உறுப்புப் படங்கள். ஒரு மார்பு இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த யானை லத்தி உருண்டை. ஓவியம் சுவரில் மாட்டப்படுவதில்லை. வேறு இரண்டு லத்தி உருண்டைகள்மேல் நிற்க, சுவரில் சாய்த்து வைக்கப்படுகிறது.

நைஜீரியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து கத்தோலிக்கராக வளர்ந்த ஓஃபிலி, 1992இல் ஜிம்பாப்வே சென்று வந்த பிறகு லத்தியைத் தம் ஓவியங்களில் தொடர்ந்து பயன்படுத்தினார். இனவெறியால் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸின் தாயை நினைத்து 1998இல் அவர் தீட்டிய ஓவியமும் லத்திமேல்தான் நிற்கிறது. அழும் அந்தத் தாயின் கழுத்துப் பதக்கமும் லத்தியே. மாதாவை இழிவுபடுத்தவே அவர் லத்தியைத் தேடிப் போனார் என்ற குற்றச்சாட்டு இதன்முன் நிற்காது. ஒட்டுப்படங்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை; சீண்டும் நோக்கம் அவற்றில் அறவே இல்லையென்று வாதாடுவது கடினம்.

விளம்பரத் தொழிலில் பொருளீட்டிய சார்லஸ் சாச்சியின் சேகரிப்பிலிருந்து லண்டன் ராயல் அகாடமி 1997இல் தொகுத்த ‘சென்சேஷன்’ கண்காட்சியில் இந்த ஓவியம் இடம்பெற்றது. அங்கே இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. குழந்தைகளைக் கொன்ற மைரா ஹிண்ட்லியின் முகத்தைக் குழந்தைக் கை அச்சுகளால் உருவாக்கிய மார்க்கஸ் ஹார்வியின் ஓவியத்தின்மீதே மையும் முட்டையும் வீசப்பட்டன. ஓர் ஊரை உலுக்கியது மற்றோர் ஊரில் உறைக்கவில்லை. அதிர்ச்சி படைப்புக்குள் மட்டும் இருப்பதன்று. பார்ப்பவரின் காயத்தைப் பொறுத்தது.

1999 அக்டோபரில் கண்காட்சி நியூயார்க்கின் ப்ரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது காயம் மதம் சார்ந்ததாயிற்று. மேயர் ரூடால்ஃப் ஜூலியானி, ஓவியத்தை நேரில் பாராமலேயே, மக்கள் வரிப்பணத்தில் மத நிந்தனை கூடாது என்றார். ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் டாலர் மானியத்தை நிறுத்துவதாகவும், நகராட்சிக்குச் சொந்தமான கட்டடத்திலிருந்து அருங்காட்சியகத்தை வெளியேற்றுவதாகவும் மிரட்டல் எழுந்தது. அருங்காட்சியகம் தொடுத்த வழக்கில் நவம்பர் 1ஆம் தேதி நீதிபதி நினா கெர்ஷன் நகராட்சிக்கு இடைக்காலத் தடை விதித்தார். ‘நாகரிக’ அளவுகோலைக் கருத்தில் கொண்டு அரசு மானியம் வழங்கலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் முந்தைய ஆண்டே ஃபின்லி வழக்கில் ஏற்றிருந்தது. ஆனால் புதிதாக யாருக்கு மானியம் கொடுப்பது என்று தெரிவு செய்வது வேறு, முன்பே ஒதுக்கிய பணத்தை ஒரு கருத்துக்குத் தண்டனையாகப் பறிப்பது வேறு. இரண்டாவது, பேச்சுரிமையைக் காக்கும் முதல் சட்டத்திருத்தத்துக்கு முரணானது. தடை நகராட்சியைத்தான் கட்டுப்படுத்தியது. டிசம்பரில் முதியவர் ஒருவர் ஓவியத்தின்மீது வெள்ளைச் சாயம் பூசினார். 2000 மார்ச்சில் இரு தரப்பும் சமரசமாயின.

கருத்துரிமை என்ற அளவில் தீர்ப்பு சரியானதே. எனினும் வழக்கோடு வெளிவந்த ஆவணங்கள் வேறொன்றைக் காட்டின. கண்காட்சிச் செலவுக்கு ஓவியங்களின் உடைமையாளரான சாச்சியே 1,60,000 டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தார். அருங்காட்சியகம் அதைப் பகிரங்கப்படுத்தவில்லை. சமகாலக் கலையை ஏலம் விடும் கிறிஸ்டீஸ் நிறுவனமும் புரவலர். 1998 டிசம்பரில்தான் சாச்சி தம் சேகரிப்பின் ஒரு பகுதியை அதே நிறுவனம் வழியாக ஏலத்தில் விற்றிருந்தார். அருங்காட்சியகச் சுவரில் இடம்பெறும் படைப்பின் சந்தை மதிப்பு ஏறக்கூடும். அந்த ஏற்றம் உடைமையாளரின் பைக்குத்தான் போகும். இந்த ஆட்சேபத்துக்கு மாதாவோ லத்தியோ தேவையில்லை; அழகான பூஞ்சாடிப் படங்களுக்கும் இது பொருந்தும். மேயர் மட்டும் கூச்சலிடாமல் இருந்திருந்தால் அருங்காட்சியகம் இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய மிரட்டல் அதை ஒரே நாளில் கருத்துரிமைத் தியாகியாக்கியது.

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநர் பிரையன் கென்னடி, கண்காட்சி சந்தைக்கு மிக நெருக்கமாக இருப்பதைக் காரணம் காட்டி, அங்கு நடக்கவிருந்த அதை 1999 நவம்பரில் ரத்து செய்தார். அரசியல் நெருக்கடிக்குப் பணிந்ததாக அவர் விமர்சிக்கப்பட்டாலும் சொன்ன காரணம் பொய்யன்று. அமெரிக்க அருங்காட்சியகச் சங்கம் 2000இல் இரவல் பொருள்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. இரவல் தருபவருக்குக் கண்காட்சியில் உள்ள நலனை ஆராய வேண்டும், அவர் பணம் தந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும், காட்சிப் பொருள்களைத் தெரிவு செய்யும் அதிகாரம் அருங்காட்சியகத்திடமே இருக்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். மேயரிடமிருந்து அருங்காட்சியகத்தைக் காக்க நீதிமன்றத் தடை கிடைத்தது. உடைமையாளரிடமிருந்து காக்க இருப்பது, சட்ட வலு இல்லாத இந்த நெறிமுறைதான்.