கூடு விட்டுக் கூடு

சாத்தனூர் மூலன் கதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். மாடு மேய்க்கப் போன இடத்தில் மூலன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவ்வழியே வந்த சிவயோகியாருக்கு மனம் பொறுக்கவில்லை. தம்முடைய உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, மூலன் உடலில் புகுந்து எழுந்து நின்றார். மாடுகளுக்கு ஆனந்தம். ஆனால் மாலையில் ஊருக்குள் வந்தபோது மூலன் மனைவி மட்டும் ஏதோ மாறிவிட்டது என்று கண்டுகொண்டாள். சரி, பழைய உடலுக்கே போய்விடலாம் என்று திரும்பிப் போனால், வைத்த இடத்தில் அதைக் காணோம்!

பெரியபுராணத்தில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பக்தி வருவதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டரின் ஞாபகம் வந்துவிடுகிறது. சேக்கிழார் பெருமான் மன்னிக்க வேண்டும்.

2007ஆம் வருஷத்து ஐப்பசி மாதம். ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்பது அத்தியாயங்கள் பாக்கி. அப்படிப்பட்ட சமயத்தில் என் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் எழுந்திருக்க மறுத்துவிட்டது. தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் திறந்து பார்த்துவிட்டு, "கெபாசிட்டர் எல்லாம் உப்பிப் போச்சு சார். மதர்போர்டு அவ்வளவுதான்" என்றார். ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கடன் வாங்கிப் புதுப் பெட்டி ஒன்று வாங்கினேன்.

சித்தப்பா மகன் ஸ்க்ரூ டிரைவருடன் வந்தான். "பயப்படாதீங்கண்ணா. பழைய டிஸ்க்கைக் கழற்றி இதுல மாட்டினா எல்லாம் அப்படியே வந்துடும்" என்றான். மாட்டினான். விண்டோஸ் எக்ஸ்பியின் நாலு வர்ணக் கொடி தோன்றியது. என் மனைவி காப்பியே கொண்டுவந்துவிட்டாள். மறுகணம் நீலமாக ஏதோ மின்னி மறைந்தது. யந்திரம் தானாகவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கொடி, நீலம், இருட்டு. கொடி, நீலம், இருட்டு. காப்பி ஆறிப் போயிற்று.

'கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, புது விண்டோஸ் போட்டுக்கொள்வதுதானே?' என்று வாசகர்கள் கேட்கலாம். தம்பியும் அதைத்தான் கேட்டான். எடுத்தும் பார்த்தோம். இன்னொரு யந்திரத்தில் திறந்தால், நான் எழுதிய தமிழ் முழுவதும் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களாக நின்றது. யூனிகோடு எங்கள் வீடுகளுக்குள் வராத காலம் அது. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் கணக்கு. என்னுடைய எழுத்துருவும் அதற்கான விசைப்பலகை ஏற்பாடும் அந்த டிஸ்க்கிலிருந்த விண்டோஸுக்குள்தான் குடியிருந்தன. அவற்றை நிறுவிய தகடு எங்கே என்று கேட்காதீர்கள். வீட்டில் பொருளைத் தொலைப்பதில் எனக்கு இணை கிடையாது.

ஆகவே அந்த விண்டோஸ் உயிரோடு எழுந்து வந்தாக வேண்டும். ஏன் வரவில்லை? அதற்குச் சரித்திரத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 1983இல் வந்த எக்ஸ்.டி. என்னும் யந்திரத்தில்தான் 10 மெகாபைட் டிஸ்க் ஒன்று வைத்தார்கள். இன்று கைப்பேசியில் எடுக்கும் நாலைந்து புகைப்படங்களுக்கு அந்த இடம் போதாது. அதன் முதல் 512 பைட்டுக்குள், 'சாமான் எந்த அறையில் இருக்கிறது' என்று சொல்லும் சிறு குறிப்பை எழுதினார்கள். யந்திரம் விழித்ததும் அதைத்தான் படிக்கும்.

அப்போதிருந்த டாஸ் என்னும் ஏற்பாடு டிஸ்க்கோடு நேரில் பேசாது. பலகையில் பதித்த 'பயாஸ்' என்ற துபாஷியை நடுவில் வைத்துக்கொண்டு பேசும். வெள்ளைக்காரத் துரைக்கு ஊர் மாறினாலும் அங்கங்கே ஒரு துபாஷி கிடைத்துவிட்டால் காரியம் நடந்துவிடுமல்லவா? அப்படித்தான். ஒரு பெட்டியின் டிஸ்க்கை இன்னொன்றில் மாட்டினால், அங்கேயும் ஒரு பயாஸ் இருக்கும். டாஸும் சங்கடமில்லாமல் வேலையைத் தொடங்கிவிடும். 1995இல் வந்த விண்டோஸ் 95, அப்புறம் வந்த 98, இரண்டும் இந்தக் குலத்துப் பிள்ளைகள். சொந்தமாகப் பேசத் தெரியும். தெரியாத இடத்தில் பழைய துபாஷியையே கூப்பிட்டுக்கொள்ளும். புதிய பெட்டியில் கண் விழித்ததும், 'புது சாமான் கண்டேன், புது சாமான் கண்டேன்' என்று பத்துத் தடவை கூவி, தகட்டைக் கொண்டா என்று பிராணனை வாங்கும். அதற்கப்புறம் பெரும்பாலும் ஓடிவிடும்.

மைக்ரோஸாப்டில் இதற்கிடையே இன்னொரு குலம் வளர்ந்துகொண்டிருந்தது. டிஜிடல் கம்பெனியிலிருந்து 1988இல் வந்த டேவ் கட்லர் என்பவரின் தலைமையில் உருவாகி, 1993 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் என்.டி. கட்லர் துபாஷிகளை நம்புகிற மனிதர் அல்ல. ஒரு சமயத்தில் ஒரே வேலையைச் செய்யும் யந்திரத்துக்காக எழுதப்பட்ட பயாஸ், ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் என்.டி.க்கு எப்படிப் போதும்? ஒவ்வொரு சாதனத்தோடும் பேச என்.டி. தனக்கென்று சொந்த ஆட்களை, அதாவது டிரைவர்களை, வைத்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. பல ஜாதி யந்திரங்களில் ஓட வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டது என்.டி. இன்டெல் சில்லிலும் ஓடியது. மிப்ஸ் சில்லிலும் ஓடியது. பலகைக்குப் பலகை உள்ள வித்தியாசத்தை மறைப்பதற்கென்று 'ஹால்' என்ற தனி அடுக்கே அதற்கு உண்டு. ஆனால் எந்த ஹால், எந்த டிஸ்க் டிரைவர் என்பதை எல்லாம் நிறுவுகிற அன்றே பார்த்துத் தீர்மானித்துவிடும். நாடு நாடாகச் சுற்றப் பிறந்தவன், கல்யாணமான மறுநாளே மாமனார் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது போல!

அந்த நீல மின்னலின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. எழுந்திருக்கும்போது முதல் சில விநாடிகளுக்கு என்.டி. குலமும் பயாஸ் துபாஷியின் உதவியைத்தான் வாங்கிக்கொள்கிறது. கருநிரலையும் ஹாலையும் அவசியமான டிரைவர்களையும் டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்தான். பிறகு அவருக்கு விடை கொடுத்து அனுப்பிவிட்டு, தன் சொந்த ஆளைக் கூப்பிட்டு, 'டிஸ்க்கைத் திற' என்கிறது. அந்த ஆளுக்குப் பழைய பலகையின் பாஷைதான் தெரியும். புதுப் பலகையிலோ வேறு கம்பெனியின் சில்லு. எந்த டிஸ்க்கிலிருந்து ஒரு நிமிஷத்துக்கு முன் புறப்பட்டு வந்ததோ, அதே டிஸ்க் எங்கே என்று தெரியாமல் விண்டோஸ் நடுவழியில் நின்றுவிடுகிறது. 7பி என்று முடியும் பிழை எண் இதற்குத்தான்.

2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி மூலம்தான் என்.டி. குலம் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. ஆகவே என் தம்பி சொன்னது பொய்யல்ல. 98இன் காலத்தில் அது உண்மை. உண்மைக்கு வயதாகிவிட்டது அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதே எக்ஸ்பியில் இரண்டாவது முடிச்சு ஒன்றும் விழுந்தது. முதல் முடிச்சு தற்செயலானது. இது வேண்டுமென்றே போட்டது. நினைவகத்தின் அளவு, படம் காட்டும் அட்டை, வலை அட்டை என்று உடம்பின் பத்து அங்கங்களைப் பார்த்து ஓர் அடையாளம் குறித்துக்கொள்வார்கள். நிறைய அங்கங்கள் மாறிவிட்டால், 'நீ யார்? மறுபடி அனுமதி வாங்கு' என்று கேட்கும். கள்ளப் பிரதியைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. பெட்டியோடு சேர்த்து விற்ற விண்டோஸ் அந்தப் பெட்டிக்கே சொந்தம் என்பது சட்டம். கடையில் தனியாக வாங்கியது உடம்பு மாறலாம். கம்பெனிக்காரர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. என் புத்தகத்தையும் யாராவது நகலெடுத்து விற்றால் எனக்கு வயிறு எரியத்தான் எரியும். ஆனாலும் செத்துப்போன உடம்பைவிட்டு வந்தவனிடம் பழைய உடம்பின் அங்க அடையாளத்தைக் கேட்பது கொஞ்சம் கொடுமைதான்.

பிற்பாடு முதல் முடிச்சு மெல்ல மெல்லத் தளர்ந்தது. 2007இல் விஸ்டா வந்தபின் ஹால் தொந்தரவு குறைந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இன் ஒரு வகையை யு.எஸ்.பி. குச்சியில் போட்டுச் சட்டைப் பையில் கொண்டுபோய், எந்தப் பெட்டியிலும் செருகி எழுப்பலாம். கூடு விட்டுக் கூடு பாய்வதையே தொழிலாகக் கொண்ட விண்டோஸ்! 2020இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 10இல், 2016 முதல், உரிமத்தை நம் கணக்கோடு சேர்த்து வைத்து, பலகை மாறினாலும் கேட்டுப் பெற முடிந்தது.

நிற்க. என் ஒன்பது அத்தியாயங்களின் கதிக்கு வருவோம். என் எக்ஸ்பி தனியாக வாங்கியது. அதிர்ஷ்டவசமாக அந்தத் தகடு மட்டும் தொலையவில்லை. தம்பி மறுநாள் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தான். தகட்டைப் போட்டு எழுப்பினால், 'பழுது பார்க்க ஆர் எழுத்தை அழுத்து' என்று இரண்டு இடத்தில் வரும். முதல் இடத்தில் அழுத்தக் கூடாது. இரண்டாவது இடத்தில்தான் அழுத்த வேண்டும். அப்படிச் செய்தால் நம் சாமான்களைத் தொடாமல், ஹாலையும் டிரைவர்களையும் புதுப் பலகைக்கு ஏற்றபடி மறுபடி பொறுக்கிக்கொள்ளும். அழுத்தினான். முக்கால் மணி நேரம் நான் கூடத்தில் நடந்தேன். பிரசவ ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு நடந்ததில்லை. பிறகு டெலிபோனில் ஐம்பது இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து அனுமதி வாங்கினோம். கோப்பைத் திறந்தேன். ‘அ’ அ-வாகவே இருந்தது. பதினேழாவது அத்தியாயம் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை நிறுத்தியபோது மறுபடியும் பெட்டி மாற்றினேன். இந்தத் தடவை முதல் முடிச்சு இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் கொடி வருவதற்கு முன்பே நீலத் திரை ஒன்று வந்து, 48 இலக்கம் கொண்ட ஒரு சாவியைக் கேட்டது. இப்போது டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் பூட்டி, திறவுகோலைப் பலகையிலுள்ள டி.பி.எம். என்ற சில்லுக்குள் வைத்துவிடுகிறார்கள். திருடன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனாலும் படிக்க முடியாது. நல்லதுதான். ஆனால் நானும் டிஸ்க்கைக் கழற்றித்தானே மாட்டியிருக்கிறேன்! திருடனுக்கும் எனக்கும் வித்தியாசம் அதற்கு எப்படித் தெரியும்? பலகை போய், அந்த 48 இலக்கமும் கையில் இல்லையென்றால், பதினெட்டு வருஷத்து எழுத்தும் டிஸ்க்குக்குள்ளேயே சமாதி.

என் பெண் போன வருஷமே அதை ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்தாள். வைத்த இடம் பஞ்சாங்கம். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பழைய பேப்பர்காரர் வந்தால் பஞ்சாங்கத்தை உதறிப் பார்த்துவிட்டுப் போடும்படி வீட்டில் சொல்லியிருக்கிறேன்.